முதல் 500 வாட் எஸ்எம்பிஎஸ்: எந்தச் சுற்றமைப்பில் தொடங்குவது?

எஸ்எம்பிஎஸ் என்பது மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி வேண்டிய வோல்ட்டேஜுக்கு மாற்றும் மின்வழங்கி. அதில் பக் கன்வெர்ட்டர் (டிசி வோல்ட்டேஜைக் குறைக்கும் சுற்று) ஒன்றிரண்டும் 30 வாட் ஃப்ளைபேக் (ஒரே சுவிட்சும் டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள சிறிய சப்ளை) ஒன்றும் செய்து முடித்தவர் அரை கிலோவாட்டுக்கு ஏற நினைத்தால், கோர் வாங்கும் முன்பே சுற்றமைப்பை முடிவு செய்தாக வேண்டும். பெரும்பாலும் இந்த முடிவு செயல்திறன் சதவீதத்தைப் பார்த்தோ, கைவசம் இருக்கும் ஐசியைப் பார்த்தோ எடுக்கப்படுகிறது. கற்றுக்கொள்பவருக்கு இரண்டுமே தவறான அளவுகோல்கள். கேட்க வேண்டியது வேறு: நான் ஒரு தவறு செய்தால் இந்தச் சுற்று என்ன ஆகும்? வடிவத்தை ஆசிலாஸ்கோப்பில் பார்த்துத் திருத்தும் அளவுக்காவது உயிரோடு இருக்குமா, அல்லது பார்ப்பதற்குள் மாஸ்ஃபெட், டிரைவர், கன்ட்ரோலர் மூன்றையும் சேர்த்து எரித்துவிடுமா? எரிந்த பலகை எதனால் எரிந்தது என்று சொல்லாது. அதிலிருந்து கற்பதற்கு மிகக் குறைவே இருக்கிறது.

ஒப்பிட ஒரே இலக்கை வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் மின்னிணைப்பு, 24 வோல்ட் 20 ஆம்பியர் வெளியீடு (480 வாட்), 100 கிலோஹெர்ட்ஸ், பிஎஃப்சி (உள்ளீட்டு மின்னோட்ட வடிவத்தைச் சீராக்கும் பகுதி) இல்லை. பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் பின் 470 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் கெபாசிட்டர். உள்ளீடு 207 வோல்ட்டுக்கு இறங்கும்போது ரிப்பிளின் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தின்) அடிமட்டம் ஏறக்குறைய 260 வோல்ட். கணக்குக்கு 250 என்று வைப்போம். 264 வோல்ட்டுக்கு ஏறினால் 373 வோல்ட் டிசி. சாதாரணமான 325 வோல்ட்டில் அந்த ஒரு கெபாசிட்டரில் மட்டும் 25 ஜூல் தேங்கி நிற்கிறது. சுவிட்ச் ஒன்று ஷார்ட் ஆனால் அந்த 25 ஜூலும் சில மைக்ரோவிநாடிகளில் அதன் வழியே பாயத் தொடங்கும். ஃபியூஸ் அதைத் தடுக்கவே தடுக்காது. அது இருப்பது வயரிங் தீப்பிடிக்காமல் இருக்கத்தான்.

ஃப்ளைபேக்கைப் பெரிதாக்கினால் போதாதா?

ஏற்கெனவே தெரிந்த சுற்று என்பதால் பலரும் முதலில் இதைத்தான் நினைப்பார்கள். இரண்டு கணக்குகள் போட்டால் ஆசை விட்டுப்போகும். முதலாவது, வெளியீட்டு கெபாசிட்டர். ஃப்ளைபேக்கில் சுவிட்ச் ஆன் ஆகியிருக்கும் நேரம் முழுவதும் லோடைத் தாங்குவது கெபாசிட்டர் மட்டுமே. 45% டியூட்டியில் (ஒரு சுழற்சியில் சுவிட்ச் ஆன் ஆகியிருக்கும் பங்கு), 20 ஆம்பியர் வெளியீட்டுக்கு, அதன் ரிப்பிள் மின்னோட்டம் ஏறக்குறைய 18 ஆம்பியர் ஆர்எம்எஸ். வெளியீட்டில் இன்டக்டர் உள்ள ஃபார்வர்டு வகையில் இதே வேலைக்கு 1.2 ஆம்பியர்தான்! எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த எண்தான்.

இரண்டாவது, லீக்கேஜ் இன்டக்டன்ஸ், அதாவது செகண்டரியோடு இணையாமல் பிரைமரியில் தனித்து நிற்கும் இன்டக்டன்ஸ். பிரைமரி உச்ச மின்னோட்டம் 6 ஆம்பியர், லீக்கேஜ் 8 மைக்ரோஹென்ரி என்றால் ஒவ்வொரு சுழற்சிக்கும் 144 மைக்ரோஜூல் வீண். விநாடிக்கு ஒரு லட்சம் சுழற்சிகளில் அது 14 வாட்டுக்கு மேல். வோல்ட்டேஜ் எகிறாமல் அந்த ஆற்றலை எரிக்கும் கிளாம்ப் சுற்று பிரதிபலித்த வோல்ட்டேஜோடு சேர்த்து இன்னும் கொஞ்சம் விழுங்குவதால் உண்மையான இழப்பு 20 வாட்டைத் தாண்டும், அதுவும் ஒரே ரெசிஸ்டரில். 100, 150 வாட் வரை ஃப்ளைபேக் அருமையான சுற்று. இங்கே அதற்கு இடமில்லை.

புஷ்-புல்லைச் சுருக்கமாகவே ஒதுக்கிவிடலாம். அதில் ஒவ்வொரு சுவிட்சும் உள்ளீட்டைப் போல இரு மடங்கைத் தாங்க வேண்டும். 373 வோல்ட்டுக்கு 746, அதன்மேல் லீக்கேஜ் முட்கள் (திடீர் எகிறல்கள்). 1000 வோல்ட் மாஸ்ஃபெட்டே மூச்சுத் திணறும். 12, 24, 48 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுப்பதற்கு அது நல்ல தேர்வு, மின்னிணைப்பிலிருந்து அல்ல.

ஹாஃப்-பிரிட்ஜ்: எல்லோரும் போகும் வழி

பழைய கணினி சப்ளைகளில் டிஎல்494 ஐசியோடு இருந்தது இதுதான். சுற்று வரைபடங்கள் ஏராளம், உதிரி பாகங்களும் பழைய சப்ளையிலிருந்தே கிடைக்கும். ஆகவே ஹாஃப்-பிரிட்ஜில் தொடங்குங்கள் என்ற அறிவுரை பரவலாக இருக்கிறது. அதில் நியாயமும் உண்டு. பிரைமரி வைண்டிங் பாதி வோல்ட்டேஜையே பார்ப்பதால் அதே ஃபிளக்ஸ் ஊசலுக்கு (கோரில் காந்தப்புலம் ஏறி இறங்கும் அளவுக்கு) பாதிக் கம்பிச் சுற்றுகள் போதும். கோர் இரு திசைகளிலும் வேலை செய்கிறது. வெளியீட்டில் ரிப்பிள் 200 கிலோஹெர்ட்ஸில் வருவதால் இன்டக்டர் பாதியாகச் சுருங்குகிறது.

ஆனால் சுவிட்சுகளின் சுமை குறையும் என்று சேர்த்துச் சொல்லப்படுவது சரியல்ல. 250 வோல்ட்டில் பாதி 125. இரு அரைச் சுழற்சிகளும் சேர்ந்து 82% டியூட்டி என்றால் சுற்று விகிதம் 4:1 வருகிறது. ஆகவே பிரைமரியில் 5 ஆம்பியர், ஒவ்வொரு மாஸ்ஃபெட்டிலும் 41% நேரம். கீழே வரும் டூ-ஸ்விட்ச் ஃபார்வர்டிலும் இதே 5 ஆம்பியர், இதே 41% தான். லாபம் காந்தப் பாகங்களில் மட்டுமே.

இதற்குக் கொடுக்கும் விலைதான் பிரச்சினை. மேல் மாஸ்ஃபெட்டும் கீழ் மாஸ்ஃபெட்டும் ஒரே வரிசையில், மின்வழங்கியின் இரு முனைகளுக்கு நடுவே நிற்கின்றன. இரண்டும் ஒருசேர ஆன் ஆனால் நடுவில் தடுக்க எதுவுமில்லை, இதுதான் ஷூட்-த்ரூ. எஸ்ஜி3525 ஐசியில் 5-ஆம், 7-ஆம் கால்களுக்கு இடையே வைக்கும் ரெசிஸ்டர் டெட் டைமை, அதாவது ஒன்று ஆஃப் ஆகி மற்றது ஆன் ஆகும்வரை உள்ள இடைவெளியை, தீர்மானிக்கிறது. அதை மறந்து நேரடியாக இணைத்தால் டெட் டைம் மிகக் குறைந்துவிடும். போதிய டெட் டைம் வைத்தும் பலகை வெடிப்பதுண்டு. மேல் மாஸ்ஃபெட் வேகமாக ஆன் ஆகும்போது கீழ் மாஸ்ஃபெட்டின் டிரெய்ன் வோல்ட்டேஜ் திடீரென எகிறும். டிரெய்னுக்கும் கேட்டுக்கும் இடையிலுள்ள கெபாசிட்டன்ஸ் வழியே அந்த எகிறல் கேட்டைத் தூக்கிவிடும். கேட் டிரைவ் டிரான்ஸ்ஃபார்மரைத் தளர்வாகச் சுற்றியிருந்தாலோ, கேட் வயர் 5 சென்டிமீட்டர் நீண்டிருந்தாலோ கேட்டைக் கீழே பிடித்து வைக்க ஆளில்லை. ஐஆர்2110 போன்ற பூட்ஸ்ட்ராப் டிரைவர் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் தொல்லை தீரும். ஆனால் நடுப்புள்ளி தரைக்குக் கீழே பாயும் எதிர்முட்களில் அந்த ஐசி தடுமாறி, தவறான வெளியீட்டில் சிக்கிக்கொள்ளக்கூடும். 12 வோல்ட்டில் ஒழுங்காக ஓடிய பலகை 325 வோல்ட்டில் போன கணமே போய்விட்டது என்றால், பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்று.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் கற்பவருக்கு அதிகம் வலிப்பது. ஹாஃப்-பிரிட்ஜில் பீக் கரன்ட் மோடு கட்டுப்பாட்டை (மின்னோட்டம் குறித்த உச்சத்தைத் தொட்டதும் சுவிட்சை அணைப்பது) அப்படியே போட முடியாது. உள்ளீட்டை இரண்டாகப் பிரிக்கும் இரண்டு கெபாசிட்டர்களின் நடுப்புள்ளி சற்று நகர்ந்தது என்று வையுங்கள். குறைந்த வோல்ட்டேஜ் உள்ள பாதியில் மின்னோட்டம் மெதுவாக ஏறும். கன்ட்ரோலர் அதே உச்சத்தை எட்டும்வரை சுவிட்சை அதிக நேரம் ஆனில் வைக்கும். அதனால் அந்தப் பாதி கெபாசிட்டரிலிருந்து இன்னும் அதிக சார்ஜ் போய், நடுப்புள்ளி மேலும் நகரும். இது நிற்காமல் ஓடும் சரிவு. எனவே வோல்ட்டேஜ் மோடு (வெளியீட்டு வோல்ட்டேஜை மட்டும் பார்த்து டியூட்டியை மாற்றுவது), பிரைமரியோடு தொடராக 2.2 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர், மின்னோட்டப் பாதுகாப்புக்குத் தனி கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்று போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் தானாக வெட்டும் பாதுகாப்பு, முதல் முறை செய்பவருக்கு எது மிகவும் தேவையோ அது, இங்கே எளிதில் கிடைப்பதில்லை.

டூ-ஸ்விட்ச் ஃபார்வர்டு: எங்கள் தேர்வு

இதிலும் இரண்டு மாஸ்ஃபெட்கள்தான். ஆனால் அவற்றுக்கு நடுவே பிரைமரி வைண்டிங் நிற்கிறது. இரண்டும் சேர்ந்தே ஆன் ஆகும், சேர்ந்தே ஆஃப் ஆகும். டெட் டைம் என்ற பேச்சே இல்லை, ஒருசேர ஆன் ஆவதுதான் வேலையே. ஆஃப் ஆனதும் டிரான்ஸ்ஃபார்மரில் மிஞ்சிய காந்த ஆற்றலையும் லீக்கேஜ் ஆற்றலையும் இரண்டு டயோடுகள் மெயின் கெபாசிட்டருக்கே திருப்பி அனுப்புகின்றன. ஃப்ளைபேக்கில் ரெசிஸ்டரைச் சுட்ட அதே ஆற்றல் இங்கே திரும்பக் கிடைக்கிறது. மாஸ்ஃபெட் பார்க்கும் வோல்ட்டேஜும் 373-ஐ ஒட்டியே பூட்டப்படுகிறது, ஆகவே ஐஆர்எஃப்பி460 போன்ற 500 வோல்ட் மாஸ்ஃபெட் போதும். சிறிய வெல்டிங் இன்வர்ட்டர்கள் பலவற்றில் இந்தச் சுற்றைப் பார்க்கலாம். வெல்டிங் என்றால் வெளியீட்டை நிமிடத்துக்குப் பல முறை ஷார்ட் செய்வதுதான். அதைத் தாங்குவதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கோரின் காந்தம் ரீசெட் ஆக (பழைய நிலைக்கு இறங்க), ஆன் நேரத்துக்குச் சமமான நேரம் தேவை. அதனால் டியூட்டி 50%-ஐத் தொடவே கூடாது. யுசி3844 ஐசி இதற்கென்றே 50%-க்குள் அடங்கியிருக்கிறது: ஆசிலேட்டர் இரு மடங்கு வேகத்தில் ஓட, ஒன்றுவிட்டு ஒரு பல்ஸ் மட்டும் வெளியே வரும். டைமிங் ரெசிஸ்டர் 8.2 கிலோஓம், கெபாசிட்டர் 1 நானோஃபாரட் என்றால் ஆசிலேட்டர் 210 கிலோஹெர்ட்ஸ், வெளியீடு 105. இதை மறந்து 100 கிலோஹெர்ட்ஸுக்கு ஆசிலேட்டரை அமைத்தால் டிரான்ஸ்ஃபார்மர் 50 கிலோஹெர்ட்ஸில் ஓடி, ஃபிளக்ஸ் இரட்டிக்கும். பெயரில் ஒரு எண் மட்டுமே மாறும் யுசி3842-ஐ மாற்றிப் போட்டாலும் ஆபத்து, அது 100% அருகே வரை போகும்.

டிரான்ஸ்ஃபார்மர் கணக்கு இதோ. இடிடி44 கோர், என்87 ஃபெரைட், குறுக்குவெட்டு 173 சதுர மிமீ. 4:1 விகிதத்தில், டயோடு இழப்பும் சேர்த்து 25.5 வோல்ட் வர 250 வோல்ட்டில் டியூட்டி 41%. 0.2 டெஸ்லா ஊசலுக்கு 30 சுற்றுகள் போதும் என்று சூத்திரம் சொல்லும். 36 சுற்றுங்கள், செகண்டரி 9. காரணம், சூத்திரம் நிலையான ஓட்டத்துக்கானது. உள்ளீடு 373 வோல்ட்டில் இருக்கும்போது லோடு திடீரென ஏறினால் கன்ட்ரோலர் சில சுழற்சிகளுக்கு 48% வரை திறக்கும். 36 சுற்றில் அப்போது ஊசல் 0.29 டெஸ்லா, கோரில் தங்கியிருக்கும் மிச்ச ஃபிளக்ஸும் அதன்மேல் ஏறும். என்87 கோர் 100 டிகிரியில் 0.39 டெஸ்லாவில் சாச்சுரேட் ஆகிவிடும், அதாவது காந்தம் நிறைந்து மேலும் ஏற்காது. 30 சுற்றில் அந்த இடைவெளி காணாமல் போகும்.

100 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் 0.2 மிமீ ஆழத்துக்குத்தான் ஓடும். அதனால் பிரைமரிக்கு 0.4 மிமீ வயர் ஐந்து இழைகளை முறுக்கிப் போட வேண்டும், ஒற்றைத் தடித்த வயர் உதவாது. செகண்டரிக்கு 0.1 மிமீ செம்புத் தகடு, 22 மிமீ அகலம், இரு ஓரமும் 3 மிமீக்கு மேல் விளிம்பு விட்டு. அடுக்கும் முறை: பாதி பிரைமரி 18 சுற்று, மூன்று அடுக்கு டேப், முழு செகண்டரி, மீண்டும் மூன்று அடுக்கு டேப், மீதி 18 சுற்று. ஓரத்து விளிம்பை இடம் போதவில்லை என்று சுருக்கிவிடாதீர்கள். வெளியீட்டைத் தொடுபவரின் கைக்கும் மின்னிணைப்புக்கும் நடுவில் இருப்பது அந்த 3 மில்லிமீட்டர்தான்.

வெளியீட்டு இன்டக்டர் 20 ஆம்பியரில் 45 மைக்ரோஹென்ரி இருக்க வேண்டும். இருபது ஆம்பியரில் என்பதை அடிக்கோடிடுங்கள். பொடிக் கோர்களில் டிசி ஏற ஏற இன்டக்டன்ஸ் சரியும், மீட்டரில் 70 காட்டினால்தான் ஓடும்போது 45 மிஞ்சும். பழைய கணினி சப்ளையிலிருந்து கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையத்தைப் போடத் தோன்றும். அந்த இரும்புத்தூள் 100 கிலோஹெர்ட்ஸில் அதிகம் சூடாகும், நீண்ட காலச் சூட்டில் அதன் தன்மையே கெடும். சென்டஸ்ட் (இரும்பு-சிலிக்கான்-அலுமினியத் தூள்) வளையம் எடுங்கள். வெளியீட்டு டயோடுகளில் 93 வோல்ட்தான் வரும் என்றாலும் முட்களுக்கு இடம் விட்டு 200 வோல்ட் வகை வேண்டும்.

பிரைமரி உச்சம் லோடு, ரிப்பிள், காந்தமாக்கும் மின்னோட்டம் மூன்றும் சேர்ந்து 5.6 ஆம்பியர். யுசி3844 தன் மின்னோட்டக் காலில் 1 வோல்ட் வந்ததும் வெட்டும், ஆகவே 0.15 ஓம் சென்ஸ் ரெசிஸ்டர் 6.7 ஆம்பியரில் எல்லை போடுகிறது. அது இண்டக்டன்ஸ் இல்லாத 3 வாட் வகையாக இருக்க வேண்டும். கம்பி சுற்றிய சாதாரண ரெசிஸ்டர் ஒவ்வொரு ஆன் கணத்திலும் பொய்யான முள்ளைக் காட்டி, பாதி லோடிலேயே சப்ளையை விக்க வைக்கும். மின்னோட்டக் காலுக்கு முன் 1 கிலோஓம், 470 பைக்கோஃபாரட் வடிகட்டி அவசியம்.

கேட் டிரைவில் பலரும் வழுக்கும் இடம் ஒன்று. இரண்டு மாஸ்ஃபெட்டுக்கும் ஒரே சிக்னல் என்பதால், இரண்டு செகண்டரி உள்ள ஒரே கேட் டிரான்ஸ்ஃபார்மர் போதும். கெபாசிட்டர் வழியே ஓட்டும்போது டிரான்ஸ்ஃபார்மரால் டிசியைக் கடத்த முடியாது. 15 வோல்ட் பல்ஸ் 45% டியூட்டியில் மறுபுறம் +8, −7 என்று பிரிந்துவிடும். 8 வோல்ட்டில் மாஸ்ஃபெட் அரைகுறையாகத் திறந்து சூடாகும். விகிதத்தை 1:1.5 ஆக்கித் தப்பிக்கப் பார்த்தால், டியூட்டி சுருங்கும்போது கேட்டில் 20 வோல்ட்டைத் தாண்டிவிடும். 1:1 விகிதமே வைத்து, ஒவ்வொரு செகண்டரியிலும் ஒரு கெபாசிட்டரும் டயோடும் போட்டு டிசி நிலையை மீட்டெடுங்கள். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே 10 கிலோஓம், 18 வோல்ட் ஜீனர்.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கோரில் ஒரு திசை மட்டுமே பயனாகிறது. இன்டக்டர் பெரியது. சுவிட்சிங் கடினமானது, அதாவது வோல்ட்டேஜ் நிற்கும்போதே மாஸ்ஃபெட் ஆன் ஆகிறது. அந்த இழப்பு ஹீட்சிங்கில்தான் வந்து சேரும். செயல்திறனில் ஓரிரு சதவீதம் இழப்பீர்கள். கற்கும் காலத்தில் அது நல்ல பேரம்.

எல்எல்சி ஏன் இப்போது வேண்டாம்

செயல்திறன் அட்டவணையில் முதலிடம் ரெசனன்ஸில் ஓடும் எல்எல்சி சுற்றுக்குத்தான், எல்6599 போன்ற ஐசிகளால் வெளித்தோற்றத்தில் எளிமையும்கூட. ஆனால் அது நிம்மதியாக ஓட உள்ளீடு ஏறக்குறைய நிலையாக, பிஎஃப்சியிலிருந்து வரும் 390 வோல்ட்டாக இருக்க வேண்டும். 250-இலிருந்து 373 வரை அலையும் நம் உள்ளீட்டுக்கு அதன் கெயின் (உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உள்ள விகிதம்) வளைவை நீட்டினால் சுழலும் மின்னோட்டம் கூடி, ஆதாயம் கரையும். ஓவர்லோடில் ஃப்ரீக்வென்சி அளவுக்கு மீறி இறங்கினால் கெபாசிட்டிவ் பகுதிக்குள் விழும். அங்கே மாஸ்ஃபெட்டின் உள் டயோடு இன்னும் கடத்திக்கொண்டிருக்கும்போதே எதிர் மாஸ்ஃபெட் ஆன் ஆகும். அதோடு கதை முடிந்தது. லீக்கேஜ் இன்டக்டன்ஸையே ஒரு பாகமாகப் பயன்படுத்தும் சுற்று இது. லீக்கேஜைக் கணித்து, சுற்றி, அளந்து பழகாதவர் கையில் அது அடங்காது.

பலகைக்கு உயிர் கொடுக்கும் வரிசை

டூ-ஸ்விட்ச் ஃபார்வர்டைத் தேர்ந்தெடுக்க இன்னொரு பெரிய காரணம், அதைப் படிப்படியாக, ஆபத்தில்லாத வோல்ட்டேஜிலிருந்து எழுப்ப முடிவதுதான்.

முதலில் மெயின் கெபாசிட்டர் காலியாக இருக்க, கன்ட்ரோலருக்கு மட்டும் தனிச் சப்ளை. 15 வோல்ட் கொடுத்துவிட்டு ஐசி செத்துவிட்டது என்று கழற்றுபவர்கள் உண்டு. யுசி3844 ஏறக்குறைய 16 வோல்ட்டில்தான் விழிக்கும். 18 கொடுத்து எழுப்பி, பிறகு 15-க்கு இறக்குங்கள். இரண்டு கேட்டிலும் ஒரே நேரத்தில், 50%-க்குள் பல்ஸ் வருகிறதா பாருங்கள்.

அடுத்து, 325 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஆய்வக சப்ளையிலிருந்து 48 வோல்ட், மின்னோட்ட எல்லை 1 ஆம்பியர். வெளியீட்டில் 1 ஓம் லோடு. ஃபீட்பேக் திறந்தபடி இருந்தால் வெளியே 5 வோல்ட் அளவில் வரும். கீழ் மாஸ்ஃபெட்டின் டிரெய்னைப் பாருங்கள். ஆஃப் ஆனதும் 48-க்கு ஏறி, கோர் ரீசெட் ஆகும்வரை அங்கேயே நின்று, பிறகு பாதியை நோக்கித் தளும்பி இறங்க வேண்டும். அந்த நிற்கும் நேரம் ஆன் நேரத்துக்குச் சமமாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சரி. அடுத்த பல்ஸ் வரும்போதும் இறங்காமல் நின்றால், மேலே போகாதீர்கள்: டியூட்டி மீறுகிறது அல்லது ரீசெட் டயோடு ஒன்று திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. மின்னோட்ட வடிவம் இறுதியில் வளைந்து மேலே சீறினால் கோர் சாச்சுரேட் ஆகிறது. ரீசெட் தொடர்பான இந்தத் தவறுகளை 48 வோல்ட்டிலேயே பிடித்துவிடலாம், ஒரு மாஸ்ஃபெட்டும் போகாது.

அதன்பின் ஃபீட்பேக்கை இணைத்து (டிஎல்431 குறிப்பு வோல்ட்டேஜ் ஐசி, பிசி817 ஆப்டோகப்ளர்), 100 வாட் இழை பல்பைத் தொடரில் போட்டு மின்னிணைப்பில். 10 வாட் லோடு போதும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்க வேண்டும். நின்று எரிந்தால் உடனே அணையுங்கள். இந்தக் கட்டத்திலிருந்து பிரைமரி பக்கம் முழுவதும், கன்ட்ரோலருக்குப் போட்ட தனிச் சப்ளை உட்பட, மின்னிணைப்போடு தொடர்புடையது. அந்தச் சப்ளையை வேறு எதற்கும் பகிரக் கூடாது. ஆசிலாஸ்கோப்பின் தரை கிளிப்பை நேரடியாக அங்கே மாட்டினால் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வெடிக்கும். அதற்காக ஆசிலாஸ்கோப்பின் எர்த்தைத் துண்டிப்பவர் தன் உயிரைத்தான் பணயம் வைக்கிறார். டிஃபரென்ஷியல் புரோப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சோதிக்கும் பலகையை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியே ஓட்டுங்கள், அப்போது லீக்கேஜ் பிரேக்கர் உங்களைக் காக்காது என்பதையும் நினைவில் வைத்து, ஒற்றைக் கையால்.

மெயின் கெபாசிட்டருக்குக் குறுக்கே 47 கிலோஓம் 2 வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக நிரந்தரமாகச் சோல்டர் செய்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் 325 வோல்ட் 50-க்கு இறங்க 80 விநாடிக்கு மேல் ஆகும். மீட்டரால் அளந்த பிறகே கை வையுங்கள், ஒவ்வொரு முறையும்.

பல்பை நீக்கிய பின் 5 ஆம்பியர், 10, 20 என்று ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் விட்டு மாஸ்ஃபெட், கோர், இன்டக்டர், வெளியீட்டு டயோடு நான்கின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதலில் கொதிப்பது வெளியீட்டு டயோடுதான்: 20 ஆம்பியரில் 1 வோல்ட் இறக்கம் என்றால் அங்கேயே 20 வாட்.

480 வாட்டில் இது நிலைத்த பிறகு 1 கிலோவாட் வேண்டுமென்றால் இரண்டு வழிகள். இதே பலகையை இன்னொன்று செய்து, இரண்டையும் அரைச் சுழற்சி இடைவெளியில் மாற்றி மாற்றி ஓட்டலாம். வெளியீட்டு ரிப்பிள்கள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும், ஷார்ட்டைத் தாங்கும் குணமும் அப்படியே இருக்கும். அல்லது யுசிசி28950 போன்ற ஐசியோடு ஃபேஸ்-ஷிஃப்ட் ஃபுல்-பிரிட்ஜுக்குப் போகலாம். நான்கு சுவிட்சுகள், பிரைமரியில் பாதி மின்னோட்டம், வோல்ட்டேஜ் பூச்சியத்தில் ஆன் ஆவதால் சுவிட்சிங் இழப்பு மிகக் குறைவு. ஆனால் லோடு குறையும்போது ஒரு பக்கக் காலில் அந்தப் பூச்சிய சுவிட்சிங் நின்றுபோகும், ஹாஃப்-பிரிட்ஜில் பார்த்த ஷூட்-த்ரூவும் திரும்ப வரும். 1 கிலோவாட் வரை முதல் வழியையும், 2 கிலோவாட்டைத் தாண்டினால் இரண்டாவதையும் எடுங்கள்.